எண்ணெய்ப் பீப்பாயில் ஒளிந்திருந்த நஞ்சு

முன்னுரை

"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்பது நம் முன்னோர் வாக்கு. நல்ல எண்ணெயை வாங்கி உண்ணும் குடும்பத்துக்கு வைத்தியரிடம் செல்லும் செலவு குறையும் என்பது அதன் பொருள். அன்புத் தோழியரே! அந்த எண்ணெயே நஞ்சாக மாறி, உண்டவர்களை வைத்தியரிடம் கொண்டு சேர்த்த வரலாறுகளும் உலகில் உண்டு. அவற்றுள் ஒன்றில் பாதிக்கப்பட்டவர்கள் நம்மைப் போன்ற தமிழ்ப் பெண்களே. நம் வயதை ஒத்தவர்களே. ஆகவேதான் இப்பொருளைப் பற்றி நாம் அறிந்து கொள்வது அவசியமாகிறது.

அந்த நஞ்சின் பெயர் டிரைகிரெசைல் பாஸ்பேட். இதைச் சுருக்கமாக டி.சி.பி. என்பார்கள். ஆகாய விமானத்தின் டர்பைன் எஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெயில் இது சேர்க்கப்படுகிறது. விமானம் பறப்பது வானத்தில். நம் அடுப்பு இருப்பது வீட்டில். இவ்விரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அந்தச் சம்பந்தத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

டர்பைன் என்பது என்ன?

நீரோ, நீராவியோ, சூடான வாயுவோ வேகமாகப் பாய்ந்து, இறக்கைகள் பொருத்திய ஒரு சக்கரத்தைச் சுழற்றுமானால் அச்சக்கரத்தை டர்பைன் என்கிறோம். அணைகளில் நீரின் விசையால் சுழலும் டர்பைன் மின்சாரம் தருகிறது. ஜெட் விமானத்தில் எரிபொருள் எரிந்து உண்டாகும் சூடான வாயு டர்பைனைச் சுழற்றுகிறது. ஒரு நிமிடத்திற்குப் பல ஆயிரம் முறை அது சுழலும்.

இவ்வளவு வேகமாகச் சுழலும் அச்சுக்கு மசகு எண்ணெய் தேவை. மாட்டு வண்டியின் அச்சுக்கு மை இடுவதைப் போன்றதே இதுவும். ஆனால் வண்டிமை அந்த வெப்பத்தைத் தாங்காது. சாதாரணக் கனிம எண்ணெயும் கருகிப் போகும். ஆகவே விமான எஞ்சினுக்கு எஸ்டர் என்னும் வகையைச் சேர்ந்த செயற்கை எண்ணெயைத் தயாரிக்கிறார்கள்.

அந்த எண்ணெய் மட்டும் போதாது. உலோகமும் உலோகமும் உரசும் இடங்களில் தேய்மானத்தைத் தடுக்க வேண்டும். அதற்காகச் சேர்க்கப்படுவதே டி.சி.பி. எண்ணெயில் ஏறக்குறைய நூற்றில் மூன்று பங்கு அளவில் இது சேர்க்கப்படுகிறது. எஃகின் மேற்பரப்பில் மிக மெல்லிய ஒரு படலத்தை உண்டாக்கி, அச்சையும் பேரிங்கையும் இது காப்பாற்றுகிறது. இயந்திரத்திற்கு இது நண்பன். மனிதனின் நரம்புக்கோ பகைவன்.

வட்டமாக அமர்ந்த ஆறு பேர்

கிரெசால் என்னும் பொருளிலிருந்து டி.சி.பி. தயாரிக்கப்படுகிறது. நிலக்கரித் தாரிலிருந்து கிரெசாலைப் பிரித்தெடுக்கலாம். இது ஒரே பொருளன்று; மூன்று வகைப்படும். ஆர்த்தோ, மெட்டா, பாரா என்பன அவற்றின் பெயர்கள்.

இவ்வேறுபாட்டைப் புரிந்து கொள்ள, ஆறு மாணவியர் வட்டமாக அமர்ந்திருப்பதாக எண்ணிக் கொள்வோம். அவர்கள் ஆறு கார்பன் அணுக்கள். ஒருத்தி கையில் ஒரு பூவும் இன்னொருத்தி கையில் ஒரு பழமும் இருக்கின்றன. பூவும் பழமும் அடுத்தடுத்து அமர்ந்தவர்களிடம் இருந்தால் அது ஆர்த்தோ. இடையில் ஒருத்தி இருந்தால் மெட்டா. நேர் எதிரெதிராக இருந்தால் பாரா. பொருள்கள் அவையே, அமர்ந்த இடம் மட்டுமே வேறு. ஆயினும் அந்த இடமே நஞ்சா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. நரம்பைக் கெடுக்கும் கொடிய குணம் ஆர்த்தோ வகை கலந்த டி.சி.பி.க்கே உண்டு. இதை அறிந்த பின்னர், ஆர்த்தோ வகையை மிகமிகக் குறைத்தே இன்றைய விமான எண்ணெய்களுக்கான டி.சி.பி.யைத் தயாரிக்கிறார்கள். பழைய காலத்து எண்ணெய்களில் அது தாராளமாக இருந்தது.

உடலுக்குள் நடப்பது என்ன?

டி.சி.பி. நிறமற்றது. வாசனையும் ஏறக்குறைய இல்லை. எண்ணெயில் நன்றாகக் கரையும். உண்டவருக்கு முதலில் வாந்தியோ பேதியோ வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். "ஏதோ அஜீரணம்" என்று எல்லோரும் மறந்து விடுவார்கள்.

ஆனால் உள்ளே வேலை நடந்து கொண்டிருக்கிறது. நம் ஈரல் பல நஞ்சுகளை முறிக்கும் உறுப்பு. ஆர்த்தோ வகை அங்கே சென்றதும் முறிவதற்குப் பதிலாக முன்னிலும் கொடிய ஒரு பொருளாக மாறுகிறது. அது நரம்புக்கு இன்றியமையாத ஒரு நொதியைச் செயலிழக்கச் செய்கிறது. அதன் பிறகு நரம்பிழைகள் நுனியிலிருந்து சிதையத் தொடங்குகின்றன.

நம் உடலில் மிக நீளமான நரம்பிழைகள் எவை? முதுகுத் தண்டிலிருந்து பாதம் வரை செல்பவையே. ஆகவே முதலில் பாதிக்கப்படுவது கால். ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழித்துக் கெண்டைக்காலில் வலி எடுக்கும். பாதம் மரத்துப் போகும். பிறகு கணுக்கால் வலுவிழந்து, பாதம் தொங்கிவிடும். நடக்கும்போது முழங்காலை உயரத் தூக்கி, பாதத்தை 'தொப்' என்று வைக்க வேண்டி வரும். அடுத்து கைவிரல்கள் வலுவிழக்கும். சட்டைப் பொத்தானைப் போடவும், பேனாவைப் பிடிக்கவும் இயலாமற்போகும்.

இதற்கு முறிவு மருந்து கிடையாது. கை கால்களுக்கு இடைவிடாத பயிற்சி அளிப்பதே சிகிச்சை. கைகால்களுக்குச் செல்லும் நரம்புகள் மெதுவாக மீண்டும் வளரக் கூடும். ஆனால் முதுகுத் தண்டுக்குள் இருக்கும் நரம்பிழைகள் சிதைந்தால் அவை மீள்வதில்லை. அவ்வாறானவர்களுக்குச் சில மாதங்கள் சென்ற பின் கால்கள் விறைத்துப் போகும்.

உண்ட நாளுக்கும் நோய் தோன்றும் நாளுக்கும் இடையே வாரக்கணக்கில் இடைவெளி இருப்பதுதான் இந்த நஞ்சின் பெரிய சூழ்ச்சி. மூன்று வாரத்துக்கு முன்பு எந்த எண்ணெயில் தாளித்தோம் என்று யாருக்கு நினைவிருக்கும்?

அமெரிக்காவும் மொராக்கோவும்

இந்த நஞ்சை உலகுக்கு அறிமுகப்படுத்தியது 1930ஆம் ஆண்டு. அப்போது அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்தது. இஞ்சிச் சாறு மருந்து என்ற பெயரில் விற்கப்பட்ட ஒரு திரவத்தில் மதுச்சாரம் மிகுதியாக இருந்ததால் ஏழைகள் பலர் அதை வாங்கிக் குடித்தனர். அரசாங்கப் பரிசோதனையை ஏமாற்ற எண்ணிய வியாபாரிகள் அதில் டி.சி.பி. கலந்தனர். விளைவு, பல்லாயிரம் பேர் கால் முடங்கினர். அரசின் பொது சுகாதாரத் துறை விஞ்ஞானிகள் அம்மருந்தைப் பகுத்தாய்ந்து, காரணம் ஆர்த்தோ வகை டி.சி.பி.யே என்று நிறுவினார்கள். அது கோழிகளையும் மனிதரைப் போலவே கால் முடங்கச் செய்வதை அப்போது கண்டார்கள். இவ்வகை நஞ்சுகளைச் சோதிக்கப் பிற்காலத்திலும் கோழிகளையே பயன்படுத்தி வருகிறார்கள்.

1959ஆம் ஆண்டில் மொராக்கோ நாட்டில் மெக்னெஸ் நகரத்திலும் அதைச் சுற்றியும் ஏறக்குறைய 10,000 பேர் திடீரென்று கை கால் வலுவிழந்தனர். அந்நாட்டில் அமெரிக்க விமானப்படைத் தளம் ஒன்று இருந்தது. அங்கே மிஞ்சிய டர்பைன் எஞ்சின் எண்ணெயை விற்று விட்டார்கள். அதை வாங்கிய சில வியாபாரிகள் ஆலிவ் எண்ணெயில் கலந்து, மலிவு விலையில் சமையல் எண்ணெயாக விற்றனர். மலிவு எண்ணெயை வாங்கியவர்கள் யார்? ஏழைகள்தாம். செஞ்சிலுவைச் சங்கமும் உலக சுகாதார நிறுவனமும் பல நாடுகளிலிருந்து டாக்டர்களையும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர்களையும் அனுப்பி உதவின. விமானத்தைக் காக்கும் எண்ணெய், வாணலியில் ஊற்றப்பட்டபோது ஓர் ஊரையே முடக்கியது.

இலங்கையில் நம் சகோதரிகள்

மேற்சொன்ன இரண்டும் பேராசையால் விளைந்தவை. இனிச் சொல்லப் போவதில் எவருடைய பேராசையும் இருந்ததாகத் தெரியவில்லை. அதனால்தான் அது நம் மனத்தை மிகவும் வருத்துகிறது.

1977, 1978ஆம் ஆண்டுகளில் இலங்கையில் 20க்கும் மேற்பட்ட தமிழ் இளம் பெண்களுக்குக் கால்களும் கைகளும் வலுவிழந்தன. டாக்டர்கள் திகைத்தனர். தொற்று நோய் என்றால் வீட்டிலுள்ள அண்ணன் தம்பிமாருக்கும் வந்திருக்க வேண்டும். குடிநீரில் கெடுதல் என்றால் ஊர் முழுவதும் படுத்திருக்க வேண்டும். பருவப் பெண்களை மட்டும் தேடி வந்து பிடிக்கும் நோய் எது?

விடை அவர்கள் உண்ட உணவில் இருந்தது. பெண் பருவமடைந்ததும் அவளுக்கு நல்லெண்ணெய் சேர்த்த உணவைக் கொடுப்பது தமிழர் வழக்கம். பிள்ளை பெற்ற தாய்க்கும் அவ்வாறே கொடுப்பார்கள். நம் வீடுகளிலும் உளுந்தங்களியில் குழி செய்து, அதில் நல்லெண்ணெயை ஊற்றி, "எலும்புக்கு நல்லது, இடுப்புக்கு வலு" என்று சொல்லிப் பாட்டி ஊட்டுவதை நாம் அறிவோம். இலங்கையில் அந்தப் பெண்கள் உண்ட நல்லெண்ணெயைப் பரிசோதித்தபோது அதில் டி.சி.பி. இருப்பது தெரிய வந்தது.

நல்லெண்ணெயில் அது எப்படி வந்தது? முன்பு கனிம எண்ணெய் வைத்திருந்த கலங்களில் நல்லெண்ணெயைக் கொண்டு வந்ததால் கலந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் முடிவு. டாக்டர் சேனநாயக்காவும் டாக்டர் ஜெயரத்தினமும் இதைக் கண்டறிந்து, 1981ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் புகழ்பெற்ற வைத்திய இதழில் வெளியிட்டார்கள். பாதிக்கப்பட்ட பெண்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வும் அதே ஆண்டில் வெளியாயிற்று.

தோழியரே! சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். அந்த எண்ணெயை ஊட்டியவர்கள் அவர்களுடைய அம்மாவும் பாட்டியும் அத்தையும். மகள் வலுவோடு இருக்க வேண்டும் என்ற அன்பினால் வீட்டில் மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிட அதிகமாக அவளுக்குக் கொடுத்தார்கள். அந்த அன்பின் அளவே நஞ்சின் அளவாயிற்று. குற்றம் தாயுடையதன்று. நல்லெண்ணெயுடையதுமன்று. நம் வழக்கத்தின் மீதும் பழி இல்லை. எங்கோ ஓரிடத்தில், கழுவினால் போதும் என்று எண்ணிய ஒருவர் பழைய பீப்பாயில் புதிய எண்ணெயை ஊற்றியதே காரணமாக இருந்திருக்கலாம்.

கல்கத்தாவில் 1988

நம் நாடும் இதற்கு விலக்கன்று. 1988ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கல்கத்தாவின் பெகாலா பகுதியில், கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப்சீட் எண்ணெயை உண்ட நூற்றுக்கணக்கானோர் இதே போலக் கை கால் முடங்கினர். அந்த எண்ணெயிலும் டி.சி.பி. கலந்திருந்தது. 1930இல் அமெரிக்கா கற்ற பாடத்தை 1959இல் மொராக்கோவும், 1977இல் இலங்கையும், 1988இல் கல்கத்தாவும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. ஒரு நாட்டின் துன்பம் மற்றொரு நாட்டுக்குப் பாடமாக வேண்டுமானால் அதை எடுத்துச் சொல்வோர் வேண்டும்.

பீப்பாயின் கணக்கு

"காலியான பீப்பாய்தானே, ஒரு சொட்டு இருந்தால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

200 லிட்டர் பீப்பாயைக் கவிழ்த்த பிறகும் அடியிலும் ஓரங்களிலும் 1 லிட்டர் எண்ணெய் ஒட்டிக் கொண்டிருப்பதாக வைத்துக் கொள்வோம். அதில் நூற்றில் மூன்று பங்கு டி.சி.பி. என்றால் 30 மில்லி லிட்டர். அதே பீப்பாயில் நல்லெண்ணெய் நிரப்பினால், ஒவ்வொரு லிட்டருக்கும் 0.15 மில்லி லிட்டர் வருகிறது. அதாவது லிட்டருக்கு மூன்று சொட்டு. அதைக் கண்ணால் காண முடியுமா? நாவால் அறிய முடியுமா? முடியாது. நாள்தோறும் 50 மில்லி வீதம் 20 நாட்கள் ஒரு பெண்ணுக்குக் கொடுத்தால், ஒரு லிட்டர் எண்ணெயும் அந்த மூன்று சொட்டும் அவள் உடலுக்குள் சென்றுவிடும். சிறிது சிறிதாகச் சென்றாலும் இந்நஞ்சின் தீமை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து கொண்டே போகும் தன்மையுடையது.

கழுவினால் போகாதா? இதற்கு நம் ஆய்வுக்கூடத்தில் ஓர் எளிய சோதனை செய்யலாம். இரண்டு சோதனைக் குழாய்களில் சிறிது நல்லெண்ணெய் எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்றில் தண்ணீரையும் மற்றொன்றில் மண்ணெண்ணெயையும் ஊற்றிக் குலுக்குங்கள். தண்ணீர் பிரிந்து அடியில் நிற்கும். மண்ணெண்ணெயோ எண்ணெயோடு ஒன்றாகிவிடும். எண்ணெயைக் கரைப்பது எண்ணெயே. பீப்பாயைத் தண்ணீரால் கழுவும்போது போகாமல் ஒட்டியிருந்த நஞ்சை, பின்னால் ஊற்றும் சமையல் எண்ணெய் நன்றாகவே கழுவி எடுத்துக் கொள்கிறது!

காய்ச்சினால் போகாதா? அதுவும் இல்லை. தண்ணீரைக் காய்ச்சினால் கிருமிகள் சாகும். டி.சி.பி. கிருமி அன்று. அது 400 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்துக்கு மேல்தான் கொதிக்கும். நம் வடைச் சட்டி எண்ணெய் அதில் பாதி வெப்பத்தைத்தான் எட்டுகிறது. வடை வெந்து விடும். நஞ்சு அப்படியே இருக்கும். வீட்டில் செய்து பார்க்கக் கூடிய எந்தச் சோதனையாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வுக்கூடத்துக் கருவிகளே கண்டுபிடிக்கும். ஆகவே வருமுன் காப்பது ஒன்றே வழி.

விமானத்தின் உள்ளே வரும் காற்று

இந்நஞ்சைப் பற்றிய இன்னொரு கவலையும் உண்டு. விமானம் பறக்கும் உயரத்தில் காற்று மிக மெல்லியது. மூச்சு விடப் போதாது. ஆகவே பெரும்பாலான ஜெட் விமானங்களில், எஞ்சின் அழுத்தும் காற்றிலிருந்தே ஒரு பகுதியை எடுத்துக் குளிர்வித்துப் பயணிகள் அமரும் பகுதிக்கு அனுப்புகிறார்கள். எஞ்சினில் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் அடைப்பான்கள் தேய்ந்து போனால், சூடான எண்ணெயின் ஆவி அக்காற்றில் கலந்துவிடக் கூடும். அப்போது அழுக்குக் காலுறையின் நாற்றம் வீசும் என்கிறார்கள்.

இதனால் தலைவலி, தலைசுற்றல், நினைவுத் தடுமாற்றம் முதலியவை ஏற்பட்டதாக விமானிகளும் விமானப் பணிப்பெண்களும் பல நாடுகளில் முறையிட்டுள்ளனர். ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் செனட் சபைக் குழு இதை விசாரித்து 2000ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தது. காற்றில் கலக்கும் அளவு மிகச் சிறியது, அது நோய்க்குக் காரணமாகாது என்பது ஒரு சாராரின் வாதம். ஆண்டுக்கணக்கில் அதே காற்றைச் சுவாசிப்பவர்களின் நிலை வேறு என்பது மற்றொரு சாராரின் வாதம். விஞ்ஞானிகளிடையே இவ்வழக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும் 2011 முதல் பயணிகளை ஏற்றிச் செல்லும் போயிங் 787 விமானத்தில், எஞ்சினிலிருந்து எடுக்காமல் வெளிக்காற்றையே தனி மின் இயந்திரங்களால் அழுத்தி உள்ளே அனுப்புகிறார்கள்.

வாயால் உண்டால் தீங்கு என்பதில் மட்டும் எவருக்கும் ஐயமில்லை. எஞ்சின் எண்ணெயைக் கையாளும் தொழிலாளர் கையுறை அணிய வேண்டும் என்பதும் எல்லோரும் ஒப்புக் கொண்டதே, ஏனெனில் டி.சி.பி. தோலின் வழியாகவும் உட்செல்லக் கூடியது.

நம் திருவண்ணாமலையில்

நம் ஊரில் விமான நிலையம் இல்லை. விமான எண்ணெயும் இல்லை. ஆனால் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. கார்த்திகை தீபத்தன்று மலையுச்சியில் ஆயிரக்கணக்கான கிலோ நெய் எரிகிறது. கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் கடைதோறும் விளக்கு எண்ணெய் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் மணிலா நன்றாக விளைவதால் செக்குகளுக்கும் குறைவில்லை. பௌர்ணமிதோறும் 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையில் நடப்பவர்களுக்கு ஆங்காங்கே அன்னதானம் நடைபெறுகிறது. பெரிய பெரிய அண்டாக்களில் சாதம் வேகிறது; டின் டின்னாக எண்ணெய் ஊற்றப்படுகிறது; டிரம் டிரம்மாகத் தண்ணீர் நிரப்பப்படுகிறது.

இவ்விடங்களில் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "இந்தக் கலத்தில் இதற்கு முன் என்ன இருந்தது?"

லாரிப் பட்டறைகளில் காலியாகும் எண்ணெய்க் கேன்களும் பீப்பாய்களும் மலிவாகக் கிடைக்கும். அவை உறுதியானவை. ஆகவே அவற்றைத் தண்ணீர் பிடிக்கவும், செக்குக்குக் கொண்டு செல்லவும், பால் ஊற்றவும் பயன்படுத்துவோர் உண்டு. லாரி, மோட்டார் சைக்கிள் எஞ்சின் எண்ணெய்களில் பொதுவாக டி.சி.பி.க்குப் பதிலாக வேறு சேர்மானங்கள் இருக்கும் என்பது உண்மையே. ஆனால் அவையும் வயிற்றுக்கு உகந்தவை அல்ல. மேலும் ஒரு பழைய பீப்பாயைப் பார்த்து, அதில் எஞ்சின் எண்ணெய் இருந்ததா, டர்பைன் எண்ணெய் இருந்ததா, பூச்சி மருந்து இருந்ததா என்று யாரால் சொல்ல முடியும்?

விளக்கு எண்ணெயும் அவ்வாறே. 'விளக்கேற்ற மட்டும்' என்ற பொருளில் அதன் மேல் அச்சிட்டிருப்பதைக் காணலாம். அது சமையல் எண்ணெய்க்குரிய தரக் கட்டுப்பாட்டின்படி தயாரிக்கப்பட்டதன்று. விலை குறைவு என்பதற்காகவோ, மிச்சம் வீணாகக் கூடாது என்பதற்காகவோ அதைத் தாளிக்க எடுக்கலாகாது.

சட்டம் சொல்வது

1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் நீண்ட காலம் நம் நாட்டில் நடைமுறையில் இருந்தது. அதன் இடத்தில் இப்போது 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் இருக்கிறது. ஒரு முறை பயன்படுத்திய தகர டின்னில் மீண்டும் உணவுப் பொருளை அடைக்கக் கூடாது என்பது இச்சட்டத்தின் கீழ் உள்ள விதி. 1998இல் டில்லியில் நஞ்சு விதை கலந்த கடுகு எண்ணெயால் 60க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, சமையல் எண்ணெயை முறையாக அடைத்து, விவரம் அச்சிட்டே விற்க வேண்டும் என்ற ஆணை பிறந்தது. சட்டம் நல்லதே. ஆனால் ஒவ்வொரு பீப்பாயின் பக்கத்திலும் ஓர் அதிகாரியை நிறுத்தி வைக்க முடியாது. அங்கே நிற்க வேண்டியவர்கள் நாம்தான்.

நாம் செய்ய வேண்டியவை

1. சமையல் எண்ணெய் வாங்கும்போது மூடி முத்திரை, தயாரித்தவர் பெயர், தேதி, உணவுத் துறை உரிம எண் ஆகியவற்றைப் பார்த்து வாங்க வேண்டும்.

2. செக்கில் ஆட்டிக் கொண்டு வரும் எண்ணெய்க்கு எவர்சில்வர் தூக்கையோ, உணவுக்கென்றே வாங்கிய பாத்திரத்தையோ கொண்டு செல்ல வேண்டும்.

3. எஞ்சின் எண்ணெய், பெயிண்ட், பூச்சி மருந்து இருந்த கேனில் தண்ணீரோ எண்ணெயோ பாலோ ஊற்றக் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் கூடாது.

4. அப்படிப்பட்ட காலிக் கேன்களைக் கொடுத்து விடும் முன் ஓட்டையிட்டு விட வேண்டும். இல்லாவிட்டால் நம் வீட்டில் பயன்படுத்தாத கேன் இன்னொரு ஏழையின் வீட்டில் தண்ணீர்க் குடமாகி விடும்.

5. அன்னதானத்திற்கு எண்ணெயோ பாத்திரமோ கொடுப்பவர்கள் புதியதையே கொடுக்க வேண்டும்.

6. ஒரே எண்ணெயை உண்ட சிலருக்கு ஒரே சமயத்தில் கால் வலியும் மரத்துப் போதலும் ஏற்பட்டால், உடனே அரசு மருத்துவமனைக்குச் சென்று, உண்ட உணவின் விவரத்தையும் சொல்ல வேண்டும். அந்த எண்ணெயைக் கொட்டி விடாமல் பத்திரப்படுத்தி, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். அதுவே டாக்டர்களுக்குத் துப்பு.

முடிவுரை

டி.சி.பி. என்னும் பொருளைக் கண்டு நாம் அஞ்சி ஓட வேண்டியதில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் வானத்தில் பறக்கும் நூற்றுக்கணக்கானோரைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்க உதவுகிறது. இடம் மாறினால் கேடு. விஞ்ஞானம் தரும் ஒவ்வொரு பொருளும் இத்தகையதே.

நாளை நம்முள் சிலர் டாக்டர்களாகலாம், சிலர் ஆசிரியைகளாகலாம், பலர் குடும்பத் தலைவிகளாவோம். எந்த நிலையில் இருந்தாலும் பிறருக்கு உணவு பரிமாறும் கை நம்முடையதாக இருக்கும். ஊட்டுகிற கைக்கு அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதை இலங்கைச் சகோதரிகளின் துன்பம் நமக்குக் கற்பிக்கிறது. ஆதலால் பெற்றோர்களே, தோழியரே, இன்று வீட்டுக்குச் சென்றதும் நம் சமையலறையிலும் கொல்லைப்புறத்திலும் உள்ள கேன்களையும் டின்களையும் ஒரு முறை பார்ப்போம். ஒவ்வொன்றையும் எடுத்து, "உன்னில் முன்பு என்ன இருந்தது?" என்று கேட்போம். விடை தெரியாத கலத்தை உணவுக்கு ஆகாதென ஒதுக்கி வைப்போம். வாணியனுக்குக் கொடுக்கும் காசு வைத்தியருக்குக் கொடுக்கும் காசை மிச்சப்படுத்தட்டும்!

— பத்தாம் வகுப்பு மாணவி